அடுக்களைப் பயணி

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பனச்சமூட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இப்புறம், கேரளத்தில், சதாசிவனின் வீடு. அவர் வீட்டு அடுக்களையில் நின்ற ஃபிரிட்ஜ் ஒரு திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு, யாரும் எங்கும் கிளம்பாத நேரத்தில், ‘ஹேப்பி ஜர்னி’ என்று வாழ்த்தியது. கதவிலிருந்த கண்ணாடித் திரையில் ஒரு சின்ன லாரியின் படம் வந்தது. லாரியின் சக்கரங்கள் சுழன்றன. பின்பக்கத்தில் கம்ப்ரசரின் முனகல் நின்றது.

சதாசிவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்.

“கேட்டியளா, இது எங்க போவுதாம்?” என்றாள் அவர் மனைவி விஜயம்மா.

“எங்கயும் போவல்ல. இஞ்சதான் நிக்குது.”

“பின்ன எதுக்கு ஹேப்பி ஜர்னி?”

“அதுதான் தெரியல்ல.”

ஃபிரிட்ஜைப் பற்றித் தெரியவில்லை என்று சதாசிவன் சொல்லி விஜயம்மா கேட்டது அதுவே முதல் தடவை. சுகாதாரத் துறையில் முப்பத்தொரு வருடம் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தவர் அவர். காட்டாக்கடையிலிருந்து உதியன்குளங்கரை வரைக்கும் தடுப்பு மருந்து வைக்கும் பெட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. காலையும் மாலையும் எழுதி வைக்க வேண்டும். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டிருந்தார். அன்று ஏறிய உச்ச வெப்பத்தை அழியாமல் காட்டுகிற வகை அது.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிப் பின்பக்கமாக வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். குழியில் ஊறும் தண்ணீரை இறைப்பது மாதிரி. சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் சூடு ஊறிக்கொண்டே இருக்கும். இறைக்கும் வேலை கம்ப்ரசருடையது. அது கையைக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழி நிறைந்துவிடும்.

சதாசிவன் கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்து ஒயரில் கவ்வ வைத்துப் பார்த்தார். கறண்டு வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே யாரும் எடுக்கவில்லை. கேஸ் கசியவில்லை. மோட்டார் சூடாகவில்லை. எந்தக் கேடும் இல்லாமல், முழு ஆரோக்கியத்தோடு, ஃபிரிட்ஜ் வேலை செய்யாமல் நின்றது. மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரின் உச்சக்கோடு பதினாலில் நின்றது.

பாலும் மீன்குழம்பும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். கதவின் மேல்தட்டில் விஜயம்மாவின் ஊசிகள் இருந்தன. மூட்டுவாதம் அவளுக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, தலைமுடியை அவர்தான் பின்னிவிட வேண்டும். பிறகுதான் இந்த ஊசி வந்தது. பேனா மாதிரி ஒன்று, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. இப்போது அவளே தேங்காய் துருவுகிறாள். ஆஸ்பத்திரித் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஆறு ஊசி தருவார்கள். இரண்டு போட்டாயிற்று. நாலு மிச்சம். அடுத்த ஆறு ஜனவரியில்தான். அட்டைப்பெட்டியின் மேல் சதாசிவனுக்கு மனப்பாடமான எண்களே அச்சாகியிருந்தன: இரண்டு முதல் எட்டு டிகிரி. ஒரு ராத்திரி பதினாலை மருந்து தாங்கும்; ஆனால் மறுநாள் மாலையும் ஃபிரிட்ஜ் நாலரைக்கு நின்றது.

“ஊருக்கெல்லாம் மருந்தக் குளிர வச்ச மனுசன்,” என்றாள் விஜயம்மா. “பெண்டாட்டிக்க ஊசிக்கு வழியில்ல.”

அவர் பரணிலிருந்து தடுப்பூசி கொண்டுபோகும் பழைய நீலப்பெட்டியை இறக்கினார். துறையில் கழித்துப்போட்டு ஏலம் விட்டபோது எடுத்தது. நாலு பக்கமும் ஐஸ் பாக்கெட் வைத்து நடுவில் மருந்து வைப்பது. ஐஸை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும். பாக்கெட்டை வெளியே வைத்து, வேர்த்து, காதருகே ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சளக்கென்று கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சளக்கைக் கேட்டால்தான் உள்ளே வைப்பார்.

ஐஸுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே செல்லையன் இருந்தார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வாங்கிய ஃபிரிட்ஜ் கடையிலேயே விலை குறைந்தது. திரை இல்லை, பேச்சு இல்லை, கதவைத் திறந்தால் விளக்குகூட எரியாது. குளிர மட்டும் செய்யும்.

“எலே சதாசிவா, நீயா எனக்க வீட்டு வாசல்ல ஐஸுக்கு நிக்கிய?” என்று செல்லையன் கதவைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தார்.

“வழிய விடும் ஓய்.”

செல்லையனின் மனைவி ஜெஸி ஃப்ரீசரில் ஒரு மூலையை ஒழித்துத் தந்தாள். “அண்ணே, டிசம்பர் பிறந்தா எனக்கு இது முழுசும் வேணுமாக்கும். கிறிஸ்மஸுக்கு எறச்சி வாங்கி வைக்கணும். அதுக்க முன்ன உங்க ஃபிரிட்ஜ சரியாக்கிடுங்க.”

நவம்பர் மூன்றாம் தேதி அது. அன்றிலிருந்து சதாசிவன் காலையும் மாலையும் ஐஸ் பாக்கெட்டுகளோடு வேலியைத் தாண்டிப் போய்வந்தார்.

இந்த ஃபிரிட்ஜ் அவர் வாங்கியதல்ல. பெங்களூரில் வேலை செய்யும் மகள் அஸ்வதி ஓணத்துக்கு அனுப்பியது. கம்பெனியின் பெயர் ஐஸ்மித்ரா. ‘உங்களைப் புரிந்துகொள்ளும் குளிர்’ என்று கதவில் எழுதியிருந்தது. பின்பக்கத் தகட்டில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் உண்டு. அதைக் கிழித்தால் வாரண்டி போகும். தவிர, உள்ளே இருக்கிற மோட்டார் பழைய மாதிரி ஒயரை நேராகக் கொடுத்தால் ஓடுகிற ஜாதி அல்ல. எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று ஒரு போர்டு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் ஓடும். போர்டு சொல்வதை நிறுத்திவிட்டது. ஏன் என்று போர்டைத்தான் கேட்க வேண்டும்.

கம்பெனிக்குப் போன் செய்தார். மித்ரா என்ற ஒரு குரல் எடுத்தது. அது ஆள் இல்லை என்று புரிந்துகொள்ள அவருக்கு மூன்று நிமிடம் ஆயிற்று.

“உங்கள் தருணத்தைச் சொல்லுங்கள்,” என்றது குரல்.

கம்பெனி புகார் என்ற சொல்லை ஒழித்திருந்தது. வாடிக்கையாளர் சொல்வது இனிமேல் ‘தருணம்’. சதாசிவன் தன் தருணத்தைச் சொன்னார். போனை ஃபிரிட்ஜின் அருகே பிடிக்கச் சொன்னது குரல். பிடித்தார். ஃபிரிட்ஜும் குரலும் அவரை நடுவில் நிற்க வைத்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டன.

“உங்கள் ஃபிரிட்ஜ் நலமாக இருப்பதாகச் சொல்கிறது. உங்கள் தருணம் முடித்துவைக்கப்பட்டது. ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை தருவீர்கள்?”

காலையில் கூப்பிட்டால் மலையாளத்தில் ஆள் பேசினார்கள். மாலையில் கூப்பிட்டால் தமிழில் பேசினார்கள். மாலை ஆள் வீட்டு பின்கோடைக் கேட்டுவிட்டு, இது கேரளம், நீங்கள் கேரளத்தைக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிடுவார். ஷிஃப்ட் முறையாக இருக்கும் என்று சதாசிவன் நினைத்துக்கொண்டார். இரண்டு மொழியும் வீட்டிலேயே புழங்குகிற மனிதருக்கு அதில் யோசிக்க ஒன்றும் தோன்றவில்லை.

ஆறாவது நாள் ஒருவர் நேரில் வந்தார். பெயர் விபின், வயது நாற்பதை நெருங்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். பை இல்லை. வாசலில் நின்று முதலில் ஃபிரிட்ஜைப் படம் எடுத்தார். பிறகு ஃபிரிட்ஜோடு தன்னை எடுத்தார். பிறகு சதாசிவனைச் சிரிக்கச் சொன்னார்.

“எதுக்கு?”

“தருணம் தொடங்குததுக்கு முன்ன கஸ்டமருக்க முகம் ஒண்ணு வேணும் சார். முடிஞ்ச பெறவு இன்னொண்ணு. ரெண்டையும் கம்ப்யூட்டர் ஒத்துப் பாக்கும்.”

சதாசிவன் சிரித்துவைத்தார். காலை பத்து மணி. ஃபிரிட்ஜ் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஓடுதே சார்.”

“சாயங்காலம் நாலரைக்கு நிக்கும். அப்பம் வாங்கோ.”

“எங்க வேல அஞ்சு மணி வரைக்கும்தான். நாலு மணிக்கு மேல புதுத் தருணம் எடுக்க விடமாட்டாங்க.” அவர் டேப்லெட்டைத் தட்டினார். “ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்.”

“இது தொடங்குததுக்கா?”

“முடிக்கததுக்கு. முடிக்கததுக்குள்ளது மொதல்ல வரும். தொடங்குததுக்குள்ளது பெறவு வரும். அது செர்வருக்க பழக்கம்.”

சதாசிவன் அலமாரியிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து நீட்டினார். விபின் அதை வாங்கவில்லை. ஆனால் பார்த்தார். பிடியின் தேய்மானத்தையும் முனையையும் பார்த்தார்.

“எங்களுக்குத் தொறக்க அனுமதி இல்ல சார். நான் ரெண்டாம் நிலை. உடல் தொடுதது நாலாம் நிலையாக்கும். நான் ஐடிஐல ஃபிரிட்ஜ்தான் படிச்சேன். ஒண்ணத் தொறந்து மூணு வருசம் ஆச்சு.”

விஜயம்மா அவருக்குச் சாயா கொடுத்தாள். குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, விபின் குரலைத் தாழ்த்தினார்.

“நெய்யாற்றின்கரைல எங்க அனுபவ மையம் உண்டு. அங்க உண்ணி சார்ட்ட நேர சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம். அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டிருங்க, இல்லேண்ணா நாளைக்கு என்ன நீலத் தொப்பி போட்டு நிக்க வைப்பாங்க.”

சதாசிவன் போட்டார். நீலத் தொப்பியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அனுபவ மையம் முதல் மாடியில் இருந்தது. உள்ளே சோபாக்களும் ஒரு செயற்கை அருவியும் மேடையில் ஒரு ஃபிரிட்ஜும் இருந்தன. மேடை ஃபிரிட்ஜின் ஒயர் சுருட்டிக் கட்டியிருந்தது, பக்கத்தில் பிளக் பாயிண்டே இல்லை. வரவேற்பில் ஜோஸ்னா என்ற பெண் கைகூப்பி, வெல்கம் டிரிங்க் தந்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. டோக்கன் எடுக்கப் போன் வேண்டும், போனுக்கு அவர்களுடைய ஆப் வேண்டும், ஆப்புக்குப் பிறந்தநாள் வேண்டும். பிறந்தநாளைத் தந்ததும் ஆப் அவருக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு கேக்கின் படத்தைக் காட்டியது. அவர் பிறந்தது மே மாதம்.

ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு உண்ணி அழைத்தார். மேசையில் ‘மண்டல மகிழ்ச்சித் தலைவர்’ என்று பலகை. நல்ல மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார். மலையாளத்தில்தான் பேசினார்.

“சார், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கம்பெனிகள் ஃபிரிட்ஜ் விற்றன. அதனால் அவர்களுக்கு ஃபிரிட்ஜைப் பற்றிய தொல்லைகள் வந்தன. நாங்கள் ஃபிரிட்ஜ் விற்பதில்லை. நிம்மதி விற்கிறோம். இந்த மையம் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இதுவரை ஒரு ஃபிரிட்ஜைக்கூட நாங்கள் பழுது பார்த்ததில்லை. தருணங்களை முடித்திருக்கிறோம், பதினோராயிரம். சராசரி பத்தொன்பது நிமிடம். தென்மண்டலத்தில் முதலிடம். ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்பது ஒரு அபிப்பிராயம் சார். ஆளுக்கு ஆள் மாறும். தருணம் முடிந்ததா என்பது எண்ணிக்கை. எண்ணிக்கையில் யாரும் சண்டை போட முடியாது.”

“எனக்க வீட்டில அது தெனமும் ஏழரை மணி நேரம் ஓடல்ல. நான் எழுதி வச்சிருக்கேன்.” சதாசிவன் நோட்டை நீட்டினார்.

உண்ணி மரியாதையாக அதன் அட்டையைப் பார்த்தார். “நீங்கள் எழுதியது உங்கள் உணர்வு. ஃபிரிட்ஜ் எழுதுவது டேட்டா. ஃபிரிட்ஜ் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.”

சுவரில் இருந்த பெரிய திரையில் சதாசிவனின் ஃபிரிட்ஜ் விரிந்தது. உண்ணி படித்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை படித்தார்.

“சார், நீங்கள் ஏன் இதை அடிக்கடி தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள்?”

“எத?”

“ஃபிரிட்ஜை. அறுபத்திரண்டு நாளில் எழுபத்தெட்டு தடவை போயிருக்கிறது. போன அன்றே திரும்பியும் வந்திருக்கிறது.”

சதாசிவன் எட்டித் திரையைப் பார்த்தார்; எழுபத்தெட்டு என்றுதான் இருந்தது.

உண்ணி விளக்கினார். ஐஸ்மித்ராவில் ‘பயணக் காவல்’ என்று ஒரு அம்சம் உண்டு, பரிசு வாங்கியது, இந்த மாதம்தான் எல்லா ஃபிரிட்ஜிலும் செயலுக்கு வந்தது. ஃபிரிட்ஜைச் சாய்த்து வண்டியில் கொண்டுபோனால் கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாயில் ஏறிவிடும். உடனே ஓட விட்டால் மோட்டார் கெடும். ஆகவே, ஃபிரிட்ஜ் மாநிலம் விட்டு மாநிலம் போனதும் நாலு மணி நேரம் ஓடாமல் ஓய்வெடுக்கும்.

களைத்துப்போய் உட்கார்ந்திருந்த சதாசிவனின் கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. எண்ணெய் விஷயம் சரி. அவரே எத்தனையோ ஜீப் டிரைவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட விஷயம். இதை யோசித்தவன் ஃபிரிட்ஜ் தெரிந்தவன்தான். நாலரைக்குப் போகிறது, எட்டு மணிபோலத் திரும்புகிறது. போனதற்கு நாலு மணி நேரம், அது முடியும் முன்பே திரும்பியதற்கு மறுபடி ஒரு நாலு. பன்னிரண்டு மணி வரைக்கும் ஓய்வு. நோட்டிலிருந்த கணக்கு அப்படியே பொருந்தியது.

“ஆனா சார், அது அடுக்களைய விட்டு அசையல்ல. தமிழ்நாட்டுக்குப் போச்சுண்ணு அதுக்கு யாரு சொன்னா? எதவச்சுத் தெரிஞ்சுக்கிடுது?”

உண்ணி கதவருகே நின்ற ஜோஸ்னாவைப் பார்த்தார். ஜோஸ்னா திரையைப் பார்த்தாள்.

“அதற்குத் தெரியும் சார். அதுதான் அதன் சிறப்பு. எப்படித் தெரியும் என்று கேட்டால், அது எங்களுக்குத் தெரிய வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை.”

சதாசிவன் எழுந்தபோது உண்ணி ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். வீட்டு உபயோக ஃபிரிட்ஜை நடமாடும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் எழுந்துள்ளது. ஃபிரிட்ஜ் நகரவில்லை என்று பதினைந்து நாளுக்குள் நிரூபிக்காவிட்டால் வாரண்டி முடியும், கம்ப்ரசர் நிரந்தர ஓய்வுக்கு அனுப்பப்படும். நிரூபிக்கும் வழியும் அச்சிட்டிருந்தது. ஃபிரிட்ஜ் நிற்பதை ஒரு மணி நேரம் இடைவிடாமல் வீடியோ எடுக்க வேண்டும். குடும்பத்தைச் சேராத ஒரு சாட்சி, அன்றைய செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

செல்லையன் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

“எழுபத்தெட்டு தடவ. நான் பாக்காத எந்த வண்டிலே போச்சு? ஒரு நாளுகூட டிக்கெட் எடுக்கல்லியே.”

“நீரும் தொடங்காதியும் ஓய்.”

“விஜயம்மா வேணும்ணா ஜன்னல் சீட்டு கேட்டிருப்பா.”

“செல்லையண்ணே,” என்றாள் விஜயம்மா, “வருசம் முழுசும் வீட்டில இருக்கது நான். ஊரு சுத்துகது இது.”

வீடியோவுக்கு முன்னால் சதாசிவன் தன் வழியில் ஒரு வாரம் ஆராய்ந்தார். அசையாத பொருள் போய்வருவதாக நினைக்க வேண்டுமென்றால் ஏதோ அதை ஆட்ட வேண்டும். ரோட்டில் கல் ஏற்றிய லாரிகள் எல்லை தாண்டிப் போகின்றன. தரை அதிர்கிறது. ஃபிரிட்ஜ் தான் வண்டியில் இருப்பதாக நினைக்கிறது. பொருத்தமாகத்தான் இருந்தது. ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்தார். கீழே கனத்த ரப்பர் கொடுத்தார். ஜன்னலருகே உட்கார்ந்து லாரிகளின் நேரத்தை எழுதினார். ஒத்துவரவில்லை. லாரி போகாத ஞாயிற்றுக்கிழமையும் ஃபிரிட்ஜ் போனது. சந்தை நாளில் காலையிலேயே ஒரு தடவை கூடுதலாகப் போனது.

நவம்பர் இருபதாகிவிட்டது. கடிதத்தின் கெடுவில் ஐந்து நாளும் ஜெஸியின் ஃப்ரீசரில் பத்து நாளும் பாக்கி. நீலப்பெட்டியில் மூன்று ஊசி. அன்று காலை அவர் ஐஸ் பாக்கெட்டைக் காதருகே ஆட்டியபோது சளக்கென்று கேட்டதா, இல்லை கேட்டதாகத் தோன்றியதா என்று அவருக்கே நிச்சயமில்லை. மறுபடி ஆட்டினார். களைத்த ஆள் செய்யும் தப்புகள் எப்படித் தொடங்கும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் அதைப் பார்த்தவர்.

அன்று மாலை நாலு மணிக்கு வீடியோ தொடங்கியது. செல்லையன் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, மலையாளச் செய்தித்தாளை மார்பில் விரித்துப் பிடித்தபடி ஃபிரிட்ஜின் பக்கத்தில் நின்றார். கடத்திக்கொண்டு போகப்பட்டவரைப் போல இருந்தார். சதாசிவன் தன் போனை ஸ்டூலில் சாய்த்து வைத்தார். நாலரைக்குத் திரையில் லாரி வந்தது, ஃபிரிட்ஜ் ஹேப்பி ஜர்னி சொன்னது, சத்தம் நின்றது. செல்லையன் ஐந்து மணி வரை அசையவில்லை. ஃபிரிட்ஜும் அசையவில்லை.

வீடியோவை அனுப்பி முப்பது நொடியில் பதில் வந்தது. ‘இந்த வீடியோ கேரளத்தில் தொடங்கித் தமிழ்நாட்டில் முடிகிறது. ஒரே மாநிலத்தில் எடுத்து அனுப்பவும்.’

செல்லையன் நாற்காலியில் சரிந்தார். “அப்பம் நானும் போய்ட்டு வந்தேனா?”

சதாசிவன் வீடியோவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். நாலு முப்பத்திரண்டு. செய்தித்தாளுக்குப் பின்னால், செல்லையனின் சட்டைப்பையில் ஒரு மணிச்சத்தம். மூன்று நொடி கழித்து ஹேப்பி ஜர்னி. மறுபடியும் ஓட்டினார். மணிச்சத்தம். மூன்று நொடி. ஹேப்பி ஜர்னி.

“ஓய், இது என்ன சத்தம்?”

“அதா? தமிழ்நாட்டுக்கு வரவேற்கோம்ணு மெசேஜ். எப்பளும் வாறதுதானே.”

“எப்பம் எப்பம்?”

“சாயங்காலம் ஜங்சன்ல ஆளு கூடுனா வரும். எட்டு மணிக்கு கேரளத்துக்கு வரவேற்கோம்ணு வரும். சந்த நாளுண்ணா காலைலயும் வரும். உனக்க போன்லயும் வருமே.”

வந்துகொண்டுதான் இருந்தது. அவர் போனிலும் விஜயம்மாவின் போனிலும் ஊரில் எல்லார் போனிலும் பல வருடமாக வருகிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. காக்கை கத்துவதை யார் எழுதி வைக்கிறார்கள்? வெளியூர்க்காரன் ஒருவன் ஒரு மாலை இந்த வீட்டில் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான். லாரியின் நேரத்தை எல்லாம் நோட்டில் எழுதிய சதாசிவன், தன் சட்டைப்பையில் அடித்த மணியை எழுதவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கக் குன்றில் ஒரு கேரள டவர், அந்தப் பக்கக் குன்றில் ஒரு தமிழ்நாட்டு டவர். இரண்டும் வீட்டுக்கு ஏறக்குறைய ஒரே தூரம். ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை போன்களைத்தான் தாங்கும். பனச்சமூட்டில் மாலைக் கூட்டம் சேர்ந்ததும் கேரள டவர் நிறைந்துவிடும், ஓரத்தில் இருக்கிற போன்களை அடுத்த டவருக்குத் தள்ளிவிடும். கூட்டம் கலைந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும். மனிதர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஃபிரிட்ஜ் நம்பிவிட்டது.

“அதுக்குள்ள ஒரு சிம் உண்டு,” என்றார் சதாசிவன்.

ஃபிரிட்ஜின் மேலே, கதவுக் கீலை மூடும் பிளாஸ்டிக் மூடிக்கு ஸ்டிக்கரும் இல்லை, ஸ்குரூவும் இல்லை. நகத்தால் நெம்பினால் வந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, அதில் சிம், சில்லறைக்காசு மாதிரி ஒரு ஆன்டெனா.

“அறுத்து எறியும் ஓய்,” என்றார் செல்லையன்.

“அறுத்தா உறுப்பு காணல்லேண்ணு சொல்லி மொத்தமா நின்னுடும். அது இருக்கணும். ஆனா அதுக்குக் காது கேக்கக் கூடாது.”

டவரின் அலை காற்றில் வரும், சுவரையும் பிளாஸ்டிக்கையும் தாண்டும், உலோகத்தைத் தாண்டாது. நாலு பக்கமும் உலோகம் சூழ்ந்தால் உள்ளே இருப்பவனுக்கு வெளியுலகம் இல்லை. ஃபிரிட்ஜின் மேல்தகடு இரும்பு. ஆகவே அடிப்பக்கம் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. மேலே கவிழ்க்க ஒரு பாத்திரம் போதும்.

ஜெஸி கேக் சுடுகிற அலுமினியத் தட்டத்தைக் கொண்டுவந்தாள். சதாசிவன் முதலில் செல்லையனின் போனை ஃபிரிட்ஜின் மேல் வைத்துத் தட்டத்தைக் கவிழ்த்துக் கூப்பிட்டுப் பார்த்தார். அடித்தது. தட்டத்தின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருந்தது, அலைக்கு அது போதும். ஏசி வேலைக்கு வாங்கிய அலுமினிய டேப்பால் விளிம்பைச் சுற்றி ஒட்டினார். கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் வந்தது.

“இப்பம் நான் எந்த மாநிலம்?” என்றார் செல்லையன்.

“எங்கயும் இல்ல. சும்மா இரியும்.”

அன்றே மூடிவிடவில்லை அவர். காது அடைபடும்போது ஃபிரிட்ஜ் எங்கே இருந்ததாக நினைக்கிறதோ அங்கேயே இருப்பதாகத்தான் பிறகும் நினைக்கும். நடுவழியில் அடைத்து வம்பை வாங்குவானேன்? மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, போனில் கேரளம் என்று உறுதிசெய்துகொண்டு, ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டத்தைக் கவிழ்த்து டேப் ஒட்டினார். திரையில் எழுத்து வந்தது: ‘நெட்வொர்க் இல்லை. கடைசி இடம்: கேரளம்.’

மாலை நாலரைக்கு அடுக்களையில் நாலு பேரும் நின்றார்கள். நாலு முப்பத்தைந்துக்குச் செல்லையனின் பையில் மணி அடித்தது. மூன்று நொடி. பத்து நொடி. ஒரு நிமிடம். ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை உச்சக்கோடு ஐந்தில் நின்றது. இன்னும் ஒரு நாள் பார்த்தார். ஐந்து. மூன்றாம் நாள் விஜயம்மா நீலப்பெட்டியைத் திறந்து, மூன்று ஊசிகளையும் தன் கையால் எடுத்து மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சதாசிவன் ஐஸ் பாக்கெட்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்.

“தட்டம் வேணுமே ஜெஸி, கிறிஸ்மஸ் கேக்குக்கு.”

“எனக்க ஃப்ரீசரத் தந்தா போதும் அண்ணே. தட்டம் கடைல கிடைக்கும்.”

கெடு முடிகிற அன்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. ‘உங்கள் ஃபிரிட்ஜிடமிருந்து நான்கு நாட்களாக எந்தத் தகவலும் இல்லை. மௌனம் மகிழ்ச்சியின் அடையாளம். சந்தேகம் விலக்கிக்கொள்ளப்பட்டு, உங்கள் தருணம் எங்கள் அக்கறையால் முடித்துவைக்கப்பட்டது. எத்தனை நட்சத்திரம்?’

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விபின் வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. தோளில் ஒரு பை, பைக்குள் ஸ்குரூடிரைவர். ஃபிரிட்ஜின் மேல் கவிழ்ந்திருந்த கேக் தட்டத்தைச் சுற்றிவந்து பார்த்தார். டேப்பின் ஓரத்தை விரலால் தடவினார்.

“எல்லைல மட்டும் முப்பத்திநாலு வீடு சார். எல்லாத்துக்கும் ஹேப்பி ஜர்னி. உங்க ஃபிரிட்ஜ் மட்டும்தான் போறத நிறுத்தியிருக்கு. ஒரு வீட்டில கைக்குழந்தைக்க மருந்து இருக்கு. மையத்தில இத எப்படி எழுதணும்ணு கேட்டேன். இதுக்கு நிலை இல்லேண்ணுட்டாங்க.” பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். “மெதுவா சொல்லுங்க சார், எழுதிக்கிடுதேன்.”

சதாசிவன் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

“போன்ல கேரளம்ணு இருக்கும்போ, ஃபிரிட்ஜ் ஓடிட்டு இருக்கும்போ செய்யணும். எட்டு இஞ்சு அகலம், ரெண்டு இஞ்சு ஆழம், அலுமினியத் தட்டம். கீல் மூடிக்க மேல கவுத்து, விளிம்பு சுத்தி அலுமினிய டேப் எடவெளி இல்லாம ஒட்டணும். அவ்வளவுதான்.”